முப்பத்தேழு வயதில் ஓர் அடிப்படை ஆண்டு

2019ஆம் ஆண்டு பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் நின்றபடி படிவமொன்றை நிரப்பிக் கொண்டிருந்தேன். படிப்புச் செலவுக்கு உதவி கேட்டு ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய படிவம் அது. பெயர், முகவரி, பிறந்த திகதி எல்லாம் எழுதியாயிற்று. அடுத்தது விவாக நிலை. மணமானவர், மணமாகாதவர், விதவை என்று மூன்று கட்டங்கள். பேனை அங்கேயே நின்றுவிட்டது. கடைக்காரத் தம்பி, "ஏதாவது ஒன்னுல புள்ளடி போடுங்க அக்கா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றான்.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் என் கணவரைத் தவறவிட்டேன். பத்து வருடமாக எந்தக் கட்டத்திலும் என்னால் புள்ளடி போட முடியவில்லை. இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் பிறந்தது பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1983 ஜூலைக் கலவரத்தில் லயம் எரிந்த பிறகு என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு அம்மாவும் அப்பாவும் கிளிநொச்சிக்குப் போனார்கள். மலையகத்திலிருந்து அப்படி வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள் அநேகம். சாதாரண தரம் வரைக்கும் படித்தேன். உயர்தரத்தை இடப்பெயர்வு தின்றுவிட்டது. செட்டிகுளம் முகாமிலிருந்து 2010இல் வெளியே வந்தபோது கையில் நான்கு வயது மகளும் ஒரு பிளாஸ்டிக் பையும்தான். பெரியம்மா இன்னும் அதே தோட்டத்தில் கொழுந்து பறித்துக் கொண்டிருந்தார். அவருடைய காம்பராவில் வந்து ஒதுங்கினோம்.

சட்டம் படிக்க வேண்டுமென்ற எண்ணம் பெரியம்மாவின் சேமலாப நிதியில்தான் பிறந்தது. நாற்பது வருட உழைப்பு. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, நிதிக் கணக்கில் மூன்றாவது. "பேரு எப்படிப் போட்டா என்னா, ஆளு நான்தானே" என்பார் பெரியம்மா. காகிதம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக் கடதாசி முடிக்க ஒரு சட்டத்தரணியிடம் போனோம். அவர் எழுதியது ஒரு பக்கம். அதற்காக நாங்கள் அலைந்ததோ எட்டு மாதம். அந்த ஒரு பக்கத்தை நானே எழுதக் கூடாதா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

உயர்தரம் இல்லாமல் எந்தப் பல்கலைக்கழகம் சேர்க்கும்? 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்குப் பதுளையிலும் ஒரு நிலையம் இருக்கிறது. உயர்தரம் முடிக்காதவர்களுக்காக அங்கே அடிப்படைக் கற்கை வைத்திருக்கிறார்கள் என்று ஓர் ஆசிரியை சொன்னார். அதை முடித்துத் தெரிவுப் பரீட்சையிலும் தேறினால் சட்டமாணிப் பட்டத்துக்குப் போகலாம் என்றார். முப்பத்தேழு வயதில் சேர்ந்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், அடிப்படை ஆண்டில் சட்டம் அதிகம் இல்லை. வாசிக்க, குறிப்பெடுக்க, கேட்ட கேள்விக்கு விடை எழுதப் பழக்குகிறார்கள். "இதற்கா வந்தேன்" என்று முதலில் கோபம் வந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பற்றி ஓர் ஒப்படை எழுதச் சொன்னார்கள். எங்கள் சனம் பட்ட பாட்டை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். குறைந்த புள்ளிதான் கிடைத்தது. கேள்வி கேட்டது, எந்த நிபந்தனையால் அவர்கள் பிரசாவுரிமை இழந்தார்கள் என்பதை. அதை நான் எழுதவே இல்லை.

திரும்பப் போய்ச் சட்டத்தையே வாசித்தேன். இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாத தோட்டத்துச் சனம் எதைக் காட்டும்? பெரியம்மாவின் மூன்று பெயருக்கும் இதற்கும் உள்ள உறவு அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் கதை முடியவில்லை.

சட்டத்தைச் சட்டமாக வாசிக்கப் பழகிய பிறகு என் சொந்தக் காரியத்தையும் வாசித்துப் பார்த்தேன். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம். "எடுத்திடு, ஏதாவது உதவி வரும்" என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. எடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று நானே கையெழுத்து வைத்ததாகும். எடுக்காவிட்டால் எந்தக் காரியமும் நடக்காது. ஆனால் 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தில் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. பதிவாளர் நாயகம் வழங்குவது. அவர் இறந்தார் என்று அது சொல்லாது. அதை வைத்துக்கொண்டு நலத்திட்ட உதவி கேட்கலாம், பிள்ளையின் பொறுப்பையும் சொத்து விடயங்களையும் பார்க்கலாம். மூன்று வருடமாக அப்படியொரு சட்டம் இருந்திருக்கிறது. என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. விண்ணப்பித்தேன்.

படிப்பு இலேசாகப் போகவில்லை. லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து அங்கேயே தூங்கும். ஒப்படைத் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்ததும் உண்டு. அதன் பிறகு டவுனில் ஒரு கடை முகவரியைக் கொடுத்தேன். கொரோனாக் காலத்தில் வகுப்பு தொலைபேசியில் நடந்தது. சிக்னலுக்காகக் கோயில் மேட்டில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அட்டைக்கு உப்புப் பொட்டலம் பக்கத்தில் இருக்கும். 2022இல் டீசல் இல்லாமல் பஸ் ஓடவில்லை, பதுளைக்கு நடந்தும் போயிருக்கிறேன். அவையெல்லாம் கடந்து போய்விட்டன. ஆங்கிலம்தான் இன்னும் மிரட்டுகிறது. தீர்ப்பறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது ஓர் ஆறுதல். பட்டம் பெற்றாலும் அந்தக் கல்லூரியின் பரீட்சையும் பயிற்சியும் முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்தால்தான் சட்டத்தரணி.

சட்டத்தில் நம்பிக்கை இருக்கிறதா என்று மகள் கேட்டாள். பண்டாரவளைக்குப் போகும்போதெல்லாம் எனக்குப் பிந்துனுவெவ நினைவு வரும். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் 25க்கும் அதிகமான தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் கொன்றது. 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் மேன்முறையீடு முடிந்தபோது குற்றவாளி என்று ஒருவரும் மிஞ்சவில்லை. சான்றுச் சட்டம் படிக்கும்போது அந்த வழக்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மகளுக்கு உடனே பதில் சொல்லவும் முடியவில்லை. "படிச்சு முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன்.

சேர விரும்பும் சகோதரிகள் முதலில் பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, சாதாரணதரச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைத் திருத்துவதில் தொடங்குங்கள். காசில்லாவிட்டால் நீதிமன்றப் பக்கத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தைக் கேளுங்கள், பதுளையிலும் உண்டு.

அன்றைக்கு அந்தக் கடையில் மூன்று கட்டத்தையும் வெறுமையாக விட்டு, ஓரத்தில் "கணவர் 2009 முதல் காணவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். உதவி கிடைக்கவில்லை. பெரியம்மா தன் சேமலாப நிதியிலிருந்து கட்டணம் கட்டினார்.