நாய்க்குச் சங்கிலி... சொந்தக்காரருக்குச் சட்டம்!

சாயங்காலம் டியூஷன் முடிந்து, சைக்கிளில் வீடு திரும்புகிறீர்கள். தெரு முனையில், 'லொள்... லொள்...' என்று ஒரு நாய் பாய்ந்து வருகிறது. பயத்தில் கால் நடுங்க, பெடலை மிதிக்கிறீர்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர், 'பயப்படாதே தம்பி... அது ஒண்ணும் பண்ணாது' என்கிறார்.

அது ஒன்றும் பண்ணாது என்று அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?

நாய் வளர்ப்பது அவர் விருப்பம். தெருவில் பயமில்லாமல் போய் வருவது உங்கள் உரிமை. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் சட்டம். வாங்க, அதைத் தெரிந்து கொள்வோம்!

காந்திஜியும் நாய்களும்!

திண்டுக்கல்லில் இருந்து மதுரை செல்லும் வழியில், சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் உள்ளது காந்திகிராமம். காந்திஜியின் கிராமப் பணிகளைத் தொடர்வதற்காக, டாக்டர் சவுந்தரம், டாக்டர் ஜி.ராமச்சந்திரன் தம்பதி, 1947ல் உருவாக்கிய இடம் இது.

அந்தக் காந்திஜி, தெரு நாய்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார் தெரியுமா? 1926ல், ஆமதாபாத் ஆலை முதலாளி ஒருவர், ஆலையைச் சுற்றித் திரிந்த, 60 நாய்களைக் கொல்ல ஏற்பாடு செய்து விட்டார். ஊரில் பெரிய சர்ச்சை! அஹிம்சை பேசும் காந்திஜி என்ன சொல்லப் போகிறார் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர்.

'யங் இந்தியா' பத்திரிகையில், பல வாரங்கள் அதைப் பற்றி எழுதினார் காந்திஜி. சொந்தக்காரர் இல்லாமல் நாய்கள் தெருவில் திரிவது நாய்களின் குற்றம் அல்ல, மனிதர்களின் குற்றம். ஒரு துண்டு உணவை வீசிவிட்டுப் போவது மட்டும் இரக்கம் ஆகாது. வளர்ப்பதென்றால் பொறுப்போடு வளர்க்க வேண்டும் என்பதே, அவர் சொன்னதன் சாரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில், 2024 ஜூலை 1 முதல், 'பாரதிய நியாய சன்ஹிதா' என்ற சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன், 291வது பிரிவு, விலங்கு வளர்ப்போருக்கானது. தன்னிடம் உள்ள விலங்கால் மற்றவர் உயிருக்கு ஆபத்தோ, பலத்த காயமோ ஏற்படாதபடி பார்த்துக் கொள்ளாமல் அலட்சியமாக இருந்தால், ஆறு மாதம் வரை சிறை அல்லது, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம். கவனித்தீர்களா? கடித்த பிறகுதான் குற்றம் என்பதில்லை. ஆபத்து வரும்படி அலட்சியமாக விடுவதே குற்றம்!

2024 மே மாதம், சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள ஒரு பூங்காவில், ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அதன்பின், வளர்ப்பு நாய்களுக்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற விதியை, சென்னை மாநகராட்சி கண்டிப்புடன் அமல்படுத்தத் துவங்கியது. 2025 டிசம்பரில், பிட்புல், ராட்வீலர் நாய்களைப் புதிதாக வளர்க்கத் தடையும் விதித்தது.

இனத்தைத் தடை செய்தால் போதுமா?

2024 மார்ச்சில், ஆபத்தான, 23 நாய் இனங்களைத் தடை செய்யும்படி, மாநிலங்களுக்கு மத்திய அரசு கடிதம் அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்று, அடுத்த மாதமே அதை ரத்து செய்தது, கர்நாடக உயர் நீதிமன்றம்.

நம் ஊர் கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களும் காவலுக்குப் பேர் போனவைதான். எந்த நாயும் பயந்தாலோ, வலித்தாலோ, குட்டிகளைக் காக்க நினைத்தாலோ கடிக்கலாம். அதனால்தான், எந்த இனமாக இருந்தாலும், பொறுப்பு வளர்ப்பவருக்கே!

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா?

* கால்நடை மருத்துவரிடம் காட்டி, தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

* உள்ளாட்சி அமைப்பில் உரிமம் வாங்கும் விதி இருந்தால், கட்டாயம் வாங்க வேண்டும்.

* வெளியே கூட்டிப் போகும்போது, கழுத்தில் பட்டை, கையில் கயிறு வேண்டும். பெரிய நாயை, சிறுவர்கள் தனியாகக் கூட்டிப் போகக் கூடாது.

* 'கேட்' எப்போதும் மூடியிருக்க வேண்டும்.

* பிடிக்கவில்லை என்று தெருவில் விட்டுவிடக் கூடாது. 1960ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, அதுவும் குற்றம்.

கடித்து விட்டால்...

'அம்மா திட்டுவாங்க, ஊசி போடுவாங்க' என்று பயந்து மறைக்கவே கூடாது, குட்டீஸ்! வெறிநோய் அறிகுறி தெரிந்த பின், உயிர் பிழைப்பது மிக மிக அபூர்வம். அதற்கு முன் ஊசி போட்டால், தப்பி விடலாம். சின்னக் கீறலாக இருந்தாலும், காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில், 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதையும் தடவக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். தொப்புளைச் சுற்றி, 14 ஊசி போட்டது அந்தக் காலம். இப்போது கையில்தான் போடுகின்றனர். டாக்டர் சொன்ன தேதிகளில், ஒன்றைக் கூட விடாமல் போட்டுக் கொள்ள வேண்டும்.

1885ல், பிரான்சில் இந்தத் தடுப்பு மருந்தை லூயி பாஸ்டர் முதன் முதலாகக் கொடுத்தது, நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன், ஜோசப் மெய்ஸ்டருக்கு. அவன் பிழைத்துக் கொண்டான். பாஸ்டர் பெயரில், நம் குன்னூரிலும், 1907ல் ஒரு நிறுவனம் துவங்கப்பட்டது. பாஸ்டரின் நினைவு நாளான செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கடித்தது உங்கள் வீட்டு நாய் என்றால்? அதையும் மறைக்கக் கூடாது. 'எங்க நாய்தான் கடிச்சது' என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள்; தடுப்பூசி அட்டையை எடுத்துக் காட்டுங்கள். நீங்கள் சொல்லும் உண்மை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உயிரையே காப்பாற்றலாம்.

இனி யாராவது உங்கள் நாயைப் பார்த்துப் பயந்தால், 'அது ஒண்ணும் பண்ணாது' என்று சொல்லாதீர்கள். 'இருங்க, நான் பிடிச்சுக்கிறேன்' என்று சொல்லுங்கள். சரிதானே குட்டீஸ்!