பாயசத்துத் திராட்சையும் வீட்டு நாயும்

நாய்க்கு சாக்லேட் ஆகாது என்பது இப்போது பலருக்கும் தெரியும். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை அதன் சிறுநீரகத்தையே முடக்கிவிடலாம் என்பதுதான் அவ்வளவாகத் தெரியவில்லை. கால்நடை மருத்துவர்களுக்கு இது இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த ஆபத்து. ஆனால் காரணம் பிடிபடாமலே இருந்தது. ஒரு நாய் கொத்துக் கொத்தாகத் தின்றுவிட்டுத் துள்ளித் திரியும். இன்னொன்று சில பழங்களிலேயே சுருண்டுவிடும்.

துப்பு கிடைத்தது ஒரு விளையாட்டுப் பொருளில். அமெரிக்காவில், குழந்தைகளுக்காக வீட்டில் பிசைந்த களிமாவைத் தின்ற நாய்க்கும் அதே சிறுநீரகக் கோளாறு வந்தது. மாவில் கலந்திருந்தது கிரீம் ஆஃப் டார்ட்டர். டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் அந்த அமிலம் உண்டு. ரகத்துக்கும் பழுத்த பருவத்துக்கும் தக்கபடி அளவு மாறும். 2021இல் இந்தக் கருத்தை முன்வைத்த நச்சியல் மருத்துவர்கள், 2022இல் வெளியிட்ட கட்டுரையில் இன்னொரு பொருளையும் சேர்த்தார்கள்: புளி.

காலமெல்லாம் குழம்புச் சோறு தின்ற நாய்கள் நன்றாகத்தானே இருந்தன என்று கேட்கலாம். கரைத்து ஊற்றும் புளி கொஞ்சம்தான். உருட்டி வைத்த புளியையோ புளிமிட்டாயையோ நாய் கவ்விக்கொண்டு போவதுதான் கவலைக்குரியது. குழம்பில் வேறு வினையும் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சோர்வும் வெளிறிய ஈறும் சில நாள் கழித்தே தெரியும் என்பதால், தின்றதையும் நோயையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

சர்க்கரையில்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி அப்படிக் காத்திருக்காது. நாயின் உடலில் இன்சுலினைப் பெருக்கெடுக்க வைத்து, அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும்.

வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீரைப் புகட்டாதீர்கள். அந்த உப்பே நாய்க்கு நஞ்சாகும். தின்ற பொருளின் உறையோடு உடனே கால்நடை மருத்துவரிடம் போவதே நல்லது. எவ்வளவு தின்றது, எப்போது தின்றது, நாயின் எடை என்ன என்பவை அவருக்குத் தேவைப்படும். திராட்சை என்றால் வாந்தி நின்று நாய் தேறியதுபோலத் தோன்றினாலும், சிறுநீரகப் பாதிப்பு ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தலைகாட்டலாம். ஆகவே முதல் நாள் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சரியாக இருந்தாலும், அடுத்த நாள்களில் திரும்பவும் பார்க்க வேண்டும்.