சென்னைப் பட்டணத்தில் இரு தூரிகைகள்

கோலார் தங்க வயல் என்று இன்று வழங்கும் பிரதேசத்தில் 1802-ஆம் ஆண்டில் சுரங்கமும் இல்லை, புகைவண்டியும் இல்லை. மைசூர் எல்லையை அளந்து குறிக்கும் பணியில் ஈடுபட்டிருந்த ஜான் வாரன் என்னும் இளம் படை அதிகாரி, அப்பகுதி மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தியைக் கேள்வியுற்று, அதைக் காட்டுவோருக்கு வெகுமதி அளிப்பதாக அறிவித்தார். ஊரிகம் கிராமத்தார் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரிலேயே அலசிப் பொன்துகள்களைப் பிரித்துக் காட்டினர். மாரிக்குப்பத்திற்கு அருகில் பழைய குழிகளையும் அவர் கண்டார். கண்டவற்றையெல்லாம் அறிக்கையாக எழுதினார். அறிக்கை அச்சாயிற்று. பின்னர் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. பெங்களூரில் குடியேறியிருந்த மைக்கேல் லவேல் என்ற ஓய்வு பெற்ற போர்வீரர் 1871-இல் அதைப் படித்த பிறகே கோலாரின் சரித்திரம் திசை மாறியது.

வாரன் கோலார் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த அதே காலத்தில், கிழக்கே சென்னைப் பட்டணத்தில் இரண்டு பெண்கள் காகிதமும் வர்ணமும் கொண்டு வேறொரு வகையான அளவைப் பணியைத் தொடங்கியிருந்தனர். அவர்களுடைய பணியும் காகிதக் கட்டுகளில் உறங்கிற்று. வாரனுடைய அறிக்கையைக் காட்டிலும் நெடுங்காலம் உறங்கிற்று.

மூத்தவர் எலிசபெத் குவில்லிம். இளையவர் அவருடைய தங்கை மேரி சைமண்ட்ஸ். இங்கிலாந்தில் ஹெரிபோர்டு நகரைச் சேர்ந்தவர்கள். தந்தை கட்டடக் கலைஞர். கோடும் அளவும் வீட்டிலேயே பழகிய கலைகள். எலிசபெத் 1763-இல் பிறந்தார். அவருடைய கணவர் ஹென்றி குவில்லிம் வழக்கறிஞர். சென்னையில் புதிதாக நிறுவப்பட்ட சுப்ரீம் கோர்ட்டுக்கு நீதிபதியாக அவர் நியமிக்கப்படவே, மூவரும் 1801-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, அவ்வாண்டு ஜூலையில் சென்னையை அடைந்தனர். சென்னையில் அந்நாளில் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட, அலைகளைத் தாண்டி மசூலாப் படகில் கரையேற வேண்டும்.

அக்காலத்து ஐரோப்பிய மாது ஒருத்திக்குச் சென்னையில் செய்வதற்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. பகலெல்லாம் தட்டி அடைத்த அறையில் இருப்பு, மாலையில் வண்டியேறி உலாவுதல், இரவில் விருந்து. எலிசபெத்துக்கு இந்த வாழ்க்கை போதுமானதாக இல்லை. அவர் தெலுங்கு மொழியைக் கற்றுக்கொண்டார். தாய்க்கும் சகோதரிக்கும் அவரும் மேரியும் எழுதிய எழுபதுக்கு மேற்பட்ட கடிதங்கள் நான்கு தொகுதிகளாகக் கட்டப்பட்டு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சென்னையின் உணவு, துணி, தோட்டம், திருவிழா, வேலைக்காரர்களின் பழக்கவழக்கம் ஆகிய யாவும் அவற்றில் காணப்படுகின்றன. ஆளுகின்றவர்களின் கண்கொண்டு பார்த்த குறை சில இடங்களில் அவற்றில் உண்டு. ஆயினும் பார்த்ததை ஊன்றிப் பார்த்தவர்கள் இவர்கள்.

தாவர நூலில் எலிசபெத்துக்கு வழிகாட்டியாயிருந்தவரைத் தமிழ் ஆசிரியர்கள் வேறொரு தொடர்பில் அறிந்திருப்பர். அவர் ராட்லர் பாதிரியார். 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் சென்னை வேப்பேரியில் தங்கி, 1836-இல் மறைந்தவர்; தமிழ் - ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தவர். சொற்களைச் சேர்த்தது போலவே அவர் செடிகளையும் சேர்த்தார். அவருடைய உலர்ந்த செடித் தொகுதி பிற்காலத்தில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கும், அங்கிருந்து கியூ தாவரத் தோட்டத்துக்கும் சென்று சேர்ந்தது. கபிலப்பொடி தரும் மரத்துக்கு ராக்ஸ்பரோ அவர் பெயரையே இட்டிருந்தார். இத்தகைய அறிஞரிடம் பாடம் கேட்கும் வாய்ப்பு எலிசபெத்துக்குக் கிட்டியது.

செடியின் படம் என்றால் அது அழகுப் படம் அன்று. பூவரசை எடுத்துக்கொள்வோம். காலையில் அதன் மலர் இளமஞ்சள்; அடியில் கருஞ்சிவப்புப் புள்ளி. மாலைக்குள் மலர் முழுவதும் செந்நிறம் ஏறிச் சுருங்கிவிடும். அதையே பறித்து அழுத்தி உலர்த்தி வைத்தால், சில நாளில் எல்லாம் ஒரே பழுப்பு. உலர்ந்த மாதிரியில் இலையின் நரம்பும், காம்பும், காயின் வடிவும் நிலைத்திருக்கும், வர்ணம் நிலைக்காது, மலர் கிளையில் தொங்கும் பாங்கும் நிலைக்காது. இந்த இழப்பை ஈடுசெய்வதே தாவர ஓவியரின் தொழில். அவர் இலைகள் எதிரெதிராக உள்ளனவா, மாறிமாறி உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மலரை அறுத்து மகரந்தத் தாள்களை எண்ண வேண்டும். பூவரசில் அவை யாவும் ஒரு குழலாக ஒட்டியிருக்கும். லின்னேயசின் பாகுபாட்டில் இந்த ஒட்டுதலே அச்செடி எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதைத் தீர்மானிக்கும் அடையாளம். அதைத் தவறாக வரைந்த படம் எவ்வளவு வனப்புடையதாயினும் விஞ்ஞானத்துக்குப் பயன்படாது.

சென்னை வெயிலில் இந்த வேலை எளிதன்று. பறித்த மலர் சிறிது நேரத்தில் துவளும். நீர்வர்ணம் தூரிகையிலேயே உலரும். மழைக்காலத்தில் காகிதம் பூசணம் பிடிக்கும். மற்றக் காலங்களில் பூச்சி அரிக்கும். கள ஊழியர்களுக்கு இவை புதிய செய்திகள் அல்ல.

எலிசபெத் விதைகளைச் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவருடைய உதவியைப் போற்றும் வகையில் ராட்லர் மக்னோலியா இனத்துச் செடியொன்றுக்கு 'குவில்லிமியா' என்று பெயர் சூட்டினார். அப்பெயர் தனிப் பேரினமாக நிலைக்கவில்லை; ஆனால் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் டி கந்தோல் அதை மக்னோலியாவின் உட்பிரிவு ஒன்றின் பெயராக ஏற்றுக்கொண்டார். இன்றும் அப்பிரிவு அப்பெயராலேயே வழங்குகிறது. சென்னை வாழ் மாது ஒருவரின் பெயர் அதில் ஒளிந்திருப்பதை அதைப் பயன்படுத்துவோரில் பலர் அறியார்.

செடிகளில் தொடங்கிய எலிசபெத்தின் பெரும் உழைப்பு பறவைகளிடம் சென்று நிலைபெற்றது. இன்று எஞ்சியுள்ள படங்களில் மலர்கள் மிகச் சில. பறவைப் படங்களோ 120-க்கு மேற்பட்டவை. மீன்களின் படங்களும் உண்டு. அவற்றை மேரி வரைந்ததாகக் கருதுகின்றனர். ஆனால் தாவர ஓவியத்தின் ஒழுக்கம் பறவைப் படங்களிலும் தொடர்கிறது. மகரந்தத் தாள்களை எண்ணிப் பழகிய கண் இறகுகளையும் எண்ணியது. பறவை பிடிப்போர் கொண்டுவந்த பறவைகளை அவர் உயிருடன் பார்த்து வரைந்தார். இயன்ற வரையில் பறவையின் உண்மை அளவிலேயே வரைந்தார். ஆகையால் பெரிய காகிதங்கள் தேவைப்பட்டன. செத்துப் பதப்படுத்திய பறவையை வைத்து வரைவதே அந்நாளைய ஐரோப்பிய வழக்கம். அப்படங்களில் கால் விறைத்து, கண் பளிங்கு போல் தோன்றும். எலிசபெத்தின் பறவைகளில் அலகும் நகமும் கண்ணின் வர்ணமும் உயிருள்ளபடி அமைந்துள்ளன. அமெரிக்காவின் ஆடுபன் தமது புகழ்பெற்ற பறவை நூலை 1827-இல் வெளியிடத் தொடங்கினார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் இப்பணி நடந்திருக்கிறது.

மேரியின் நாட்டம் வேறு. அவருக்கு மனிதரும் நிலக்காட்சியும் உவப்பானவை. சென்னையின் இல்லங்கள், மரநிழல்கள், தொழிலாளர்கள் ஆகியவற்றை அவர் வரைந்தார். அவற்றுள் பல, இங்கிலாந்தில் நார்விச் நகரிலுள்ள தெற்காசியச் சேகரம் ஒன்றில் ஒரு தொகுப்பாக இருக்கின்றன. ஒருவர் செடியையும் பறவையையும் அருகில் வைத்துப் பார்க்க, மற்றவர் அவை வாழும் நிலத்தைத் தள்ளி நின்று பார்த்தார். இரு பார்வையும் ஒரே வீட்டில் அமைந்தது சென்னையின் நல்வினை எனலாம்.

இப்பணிக்கு எவரும் ஊதியம் தரவில்லை; எவரும் கேட்கவுமில்லை. கம்பெனியாருக்குத் தாவர அறிவு தேவைப்பட்டது உண்மை. சாயம், மருந்து, மரம் ஆகியவற்றின் பொருட்டு அவர்கள் ராக்ஸ்பரோவுக்கும் ஹைனேக்கும் பதவியளித்தனர். அவர்களுடைய சேகரங்களுக்கு ஓவியர்களை அமர்த்தினர். பெண்ணொருத்திக்கு அத்தகைய பதவி கிடையாது. லண்டன் லின்னேயன் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஆகவே எலிசபெத் எழுதியவை ஆராய்ச்சிக் கட்டுரைகளாகாமல், தாய்க்கு எழுதிய கடிதங்களாகவே நின்றன.

இந்தக் குறைக்கு ஆளானவர்கள் பெண்கள் மட்டும் அல்லர். ஒரு தலைமுறைக்குப் பின் ராபர்ட் வைட் என்பவர் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட பெருநூலில் 2,101 செடிப் படங்கள் உள்ளன. அவற்றை வரைந்தோரில் தலைசிறந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். வைட் நேர்மையாளர், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூவியா' என்றே பெயரிட்டார். அதுவும் குவில்லிமியாவைப் போலவே தனிப் பேரினமாக நிலைக்கவில்லை. எலிசபெத்துக்குப் பறவை பிடித்துத் தந்தவர்களுக்கோ இந்தச் சிறு மரியாதையும் கிட்டவில்லை.

1806-ஆம் ஆண்டு வேலூர்க் கலகத்துக்குப் பின் சென்னை அரசியலில் கொந்தளிப்பு மிகுந்தது. நீதிபதி குவில்லிம், போலீஸ் அதிகாரத்தைக் குறித்துக் கவர்னர் பென்டிங்க் பிரபுவுடன் வெளிப்படையாக மோதினார். அதன் விளைவாகப் பதவியை விட்டு இங்கிலாந்துக்குத் திரும்புமாறு அழைக்கப்பட்டார். மனைவியை உடன் அழைத்துச் செல்லும் பேறு அவருக்கு இல்லை. எலிசபெத் 1807-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது நாற்பத்து நான்கு. செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டில் நீதிபதியும் மேரியும் கப்பலேறினர்.

அதன் பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படங்களைப் பற்றிப் பேச்சில்லை. கேசி உட் என்பவர் கண் வைத்தியர். ஓய்வுக் காலத்தில் பறவை நூல்களைத் தேடித் திரிந்தவர். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் நூலகம் ஒன்றை உருவாக்கியவர். 1924-இல் லண்டன் வியாபாரி ஒருவரிடம் பழைய படக் கட்டு ஒன்றைக் கண்டார். படங்களைப் பார்த்த மாத்திரத்தில் இவை சாதாரணப் பொழுதுபோக்குப் படங்கள் அல்ல என்பது அவருக்குப் புலப்பட்டது. குவில்லிம் என்ற பெயரை வைத்துக்கொண்டு அவர் விசாரிக்கத் தொடங்கினார். சென்னைச் செய்தி வெளிவந்தது. மறு ஆண்டே பிரிட்டிஷ் பறவையியல் சஞ்சிகை ஒன்றில் எலிசபெத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பறவைகளை இனங்காண நிபுணர்களுக்குப் பெரும் சிரமம் இருக்கவில்லை. படம் சரியாக இருந்தால் நூற்றுப் பதினேழு ஆண்டுகள் கழித்தும் பறவை தன் பெயரைத் தானே சொல்லும்.

வாரனின் பிற்கால வாழ்க்கை இச்சரித்திரத்துடன் ஓரிடத்தில் நெருங்குகிறது. அவர் 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பில் இருந்தார். ஆக, கோலார்ப் பொன்னை அறிவித்தவரும் சென்னைப் பறவைகளை வரைந்தவரும் சில ஆண்டுகள் ஒரே பட்டணத்தில் வாழ்ந்திருக்கின்றனர். இருவருடைய காகிதங்களில் ஒன்று பொன்னைச் சொல்லியது. ஆகவே முதலில் கண்டெடுக்கப்பட்டது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாருக்கு வந்தனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் திரளாகச் சென்று சுரங்கத்தில் இறங்கின. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அரைத்த கல்மண் குன்றுகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

எலிசபெத்தின் படங்களில் எதுவரை அவர் கை, எது மேரியின் கை என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயமாகவே இருந்துவருகிறது. மக்கில் பல்கலைக்கழக அறிஞர்களும் பிற நாட்டு நிபுணர்களும் சேர்ந்து படங்களையும் கடிதங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2023-இல் ஒரு நூல் வெளியிட்டுள்ளனர். படங்களின் நகல்கள் மக்கில் நூலகத்தால் இணையத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஊர்ப் பறவைகளை அறிந்த ஆசிரியர் எவரும் வகுப்பறையில் அவற்றைக் காட்டி, மாணவர்களைக் கொண்டே தமிழ்ப் பெயர்களைச் சொல்லச் செய்யலாம்.