மலையேற மோட்டார்... மிதிக்க நீங்க!

வடக்கனந்தல் பக்கமிருந்து வெள்ளிமலைக்கு சைக்கிளில் ஏறினால் மூச்சு வாங்கிவிடும். பேட்டரி சைக்கிள் இருந்தால் கவலையில்லை. ‘மோட்டாரே இழுத்துட்டா உடம்புக்கு என்ன பிரயோஜனம்?’ என்கிறீர்களா? ‘பெடல் அசிஸ்ட்’டில் வையுங்கள். நீங்கள் மிதித்தால்தான் மோட்டார் கைகொடுக்கும். இதயத்துக்கும் வேலை உண்டு. முழங்காலுக்குச் சிரமம் குறைவு. எடை குறைந்த வண்டி என்றால், பேட்டரி தீர்ந்தாலும் மிதிச்சே வீடு வந்து சேரலாம். (இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்டுக்கணும்.)

சீட் உயரம் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கணும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டிவலிதான்!

உண்மையான ஆபத்து இறக்கத்தில். பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் சூடேறி, பிடிப்பு குறையும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். கிளம்பும் முன் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரி சூடாக இருந்தால், ஆறியபிறகே சார்ஜ் போடுங்க; அதற்குரிய சார்ஜரில் மட்டும். தூங்கும்போது வேண்டவே வேண்டாம். மாதக்கணக்கில் ஓட்டாவிட்டால், பாதி சார்ஜில் நிழலில் வையுங்கள்.

பெரிய மோட்டார் மாட்டும் ஆசையா? 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட, சான்று பெற்ற வண்டிக்குத்தான் லைசென்ஸ், பதிவு எண் தேவையில்லை. மீறினால் அந்தச் சலுகை போச்சு. அந்தக் காசில் நல்ல பிரேக், டயர், ஹெல்மெட் வாங்குங்கள். ஏறுவதைவிட பத்திரமாக இறங்குவதுதானே முக்கியம்!