குடல்வாழ் நுண்ணுயிரும் இருதயத் துடிப்பும்

இருதயத்தின் மேலறைகளைச் சோணைகள் என்பர். அவை ஒழுங்காய்ச் சுருங்காது வெறுமனே நடுங்கும் நிலையே சோணை நடுக்கம். அப்போது நாடி தாறுமாறாய் ஓடும். இடச் சோணையிற் குருதி தேங்கி உறையும். அவ்வுறைகட்டி மூளையை அடையின் பாரிசவாதம் விளையும். 1909ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் தோமஸ் லூயிஸ் மின்வரையத்தைக் கொண்டு இந்நோயை இனங்கண்டார்.

இதற்கும் குடலுக்கும் தொடர்பு யாது? முட்டை மஞ்சட்கரு, ஈரல், இறைச்சி முதலியவற்றிற் கோலீன் என்னும் பொருள் உண்டு. குடல்வாழ் பற்றீரியாக்கள் அதனைச் சிதைத்து மும்மெதைலமீனை உண்டாக்கும். பழுதுற்ற கடல்மீன் நாறுவதும் இதனாலேயே. எமது ஈரல் இதனை ஒட்சியேற்றி, மும்மெதைலமீன் ஒட்சைட்டு ஆக்கிக் குருதியில் விடும். சிறுநீரகம் அதனை வெளியேற்றும்.

குருதியில் இவ்வொட்சைட்டு மிக்கோரிடம் பிற்காலத்திற் சோணை நடுக்கம் கூடுதலாய்த் தோன்றியதென 2018இல் நோர்வே ஆய்வொன்று காட்டிற்று. அதே ஆண்டிற் சீன ஆய்வாளர் நாய்களின் இருதய நரம்புத் திரள்களில் இதனைச் செலுத்தியபோது நடுக்கம் எளிதில் எழுந்தது.

எனினும் அவசரப்படலாகாது. சிறுநீரகம் தளர்ந்தாலும் இப்பொருள் குருதியில் மிகும். அத்தகையோர்க்குச் சோணை நடுக்கமும் அதிகம். ஆகவே இது காரணமோ, வேறொரு காரணத்தின் நிழலோ என்பது இன்னும் தீரவில்லை. கடல்மீனை உண்டாலும் இதன் அளவு பன்மடங்கு உயரும். ஆயினும் அதற்காக மீனை விலக்குமாறு மருத்துவர் கூறுவதில்லை!

நாடி ஒழுங்கற்று ஓடுமாயின் முதலில் வேண்டுவது மின்வரையமே. நோயுண்டெனத் தெரிந்தபின், குருதியுறைதலைத் தடுக்கும் மருந்து பாரிசவாத அபாயத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும்.