கடும்புப்பாலும் தடுப்பூசியும்

2011ஆம் ஆண்டு தைத் திங்களிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின், பூநகரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கிடந்த கடல்நீரேரி ஒரு தடையாக இல்லாமற் போயிற்று. மொட்டைக்கறுப்பன் அரிசியும் மீனும் நண்டும் அவ்வழியே வெளியே போகின்றன. உள்ளே வருவனவற்றுள், அட்டைப்பெட்டிக்குள் நடுங்கியபடி வரும் சாதி நாய்க்குட்டிகளும் உண்டு. மீள்குடியேறி, கல்வீடு கட்டி, வளவைச் சுற்றி வேலியும் அடைத்தபின், காவலுக்கு ஓர் அல்சேசன், ஒரு ரொட்வைலர், ஒரு டொபர்மன் வேண்டுமென்று விரும்புவது இயல்பே. ஆயினும் இந்த மூன்று இனங்களும் குட்டிப் பருவத்தில் ஒரு கொள்ளைநோய்க்கு மற்ற நாய்களிலும் எளிதாக இரையாகின்றன. வாங்குவோருக்கு அதை விற்பவர் சொல்வதில்லை.

சொன்னாலும் வரும் மறுமொழி ஒன்றுதான்: "ஊசி போட்டாச்சுத்தானே." எந்த ஊசி என்பதே கேள்வி. ஊருக்குள் வந்து, சனசமூக நிலையத்து மரநிழலில் மேசை போட்டு, கொண்டுவரும் நாய்க்கெல்லாம் அரச துறையினர் இலவசமாகப் போடும் ஊசி, நீர்வெறுப்பு நோய் எனப்படும் விசர்நாய்க்கடி ஒன்றுக்கு மட்டுமே உரியது. அந்நோய்க்கெதிரான கட்டளைச் சட்டம் இலங்கையில் 1893ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. 1973இல் இந்நாட்டில் 377 பேர் அந்நோயால் மாண்டனர். இன்று அந்த எண் ஆண்டுக்குச் சில பத்துகளாகச் சுருங்கியிருப்பதில் நாய்களுக்குப் போட்ட ஊசிக்குப் பெரும் பங்குண்டு. மனிதரைக் கொல்லும் நோய் என்பதால் அரசு அதைத் தன் தலைமேற் சுமக்கிறது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ, டிஸ்ரெம்பர் என்னும் நோய்கள் மனிதரைத் தொடுவதில்லை. அவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை வளர்ப்பவரே பணங்கொடுத்து மருத்துவரிடம் போட்டுக்கொள்ள வேண்டும். இலவச ஊசியின் அட்டையைப் படலையடியிற் காட்டி "எல்லாம் போட்டது" என்று விற்கப்படும் குட்டி, பார்வோவுக்கு முன் வெறுங்கையோடு நிற்கிறது.

பார்வோ பழைய நோயன்று. 1978இல் அமெரிக்கா, ஐரோப்பா, ஆசுத்திரேலியா, யப்பான் என உலகின் பல திக்குகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நாய்கள் குருதி கழிந்து மடியத் தொடங்கின. பின்னர், சேமித்து வைத்திருந்த பழைய குருதி மாதிரிகளை ஆராய்ந்தபோது 1974இல் கிரேக்க நாட்டு நாய்களிலேயே அதன் தடம் தென்பட்டது. பூனைகளைத் தாக்கும் பான்லூக்கோபீனியா என்னும் நோயின் வைரசோ அதன் நெருங்கிய உறவோ, தன் மேலுறைப் புரதத்திற் சில சிறு மாற்றங்களைப் பெற்று, நாயின் உயிரணு வாயில்களைத் திறக்கக் கற்றுக்கொண்டதே இதன் பிறப்பு. இவ்வைரசின் அகலம் 25 நனோமீற்றர் அளவே. மரபுச் செய்தி ஓரிழை டி.என்.ஏ.யில் எழுதப்பட்ட ஏறத்தாழ 5,000 எழுத்துகள். அவ்வளவு சிறிய ஒன்று இரண்டே ஆண்டில் உலகத்தைச் சுற்றி வந்தது. அந்நாளில் எந்த நாயிடமும் அதற்கெதிரான ஆற்றல் இருக்கவில்லை.

இவ்வைரசுக்குத் தானாகப் பெருகும் வல்லமை போதாது. விரைந்து பிரியும் உயிரணுக்களின் பொறியை இரவல் வாங்கியே அது பெருகும். குட்டியின் உடலில் அத்தகைய உயிரணுக்கள் எங்குள்ளனவோ அங்கெல்லாம் செல்கிறது: எலும்பு மச்சை, நிணநீர்க் கணுக்கள், சிறுகுடலின் உட்சுவர். குடற்சுவரைப் புதுப்பிக்கும் உயிரணுக்கள் அழிந்ததும் சுவர் வெறுமையாகிறது. உணவு ஊறுவதில்லை, நீரும் குருதியும் கசிந்து வெளியேறுகின்றன, குடலில் வாழும் பற்றீரியாக்கள் குருதிக்குள் இறங்குகின்றன. அதே வேளை மச்சையும் தாக்குண்டு வெண்குருதி அணுக்கள் அருகிவிடுவதால், உள்ளே இறங்கிய பகையை எதிர்க்கப் படையில்லை. குட்டியைக் கொல்வது இந்த இரட்டை அடியே. சிகிச்சை பெறாத குட்டிகளிற் பத்தில் ஒன்பது வரை மடியக்கூடும். காலத்தோடு நல்ல சிகிச்சை பெற்றவற்றுட் பெரும்பாலானவை பிழைக்கின்றன.

சரி, ஊசி இருக்கிறதே. ஒரு முறை போட்டால் என்ன? இங்கேதான் பொருளின் முடிச்சு இருக்கிறது.

மாடு கன்றீன்றதும் முதலிற் சுரக்கும் பாலைக் கடும்பு என்கிறோம். நாயிடமும் அத்தகைய முதற்பால் உண்டு. தாய் தன் வாழ்நாளில் எதிர்கொண்ட நோய்களுக்கும் ஏற்ற ஊசிகளுக்கும் எதிராக ஆக்கிவைத்த பிறபொருளெதிரிகள் அப்பாலிற் செறிந்துள்ளன. பிறந்து ஒரு நாளுக்குள் குட்டி குடிப்பதே கணக்கு. அதற்குப்பின் குடல் அப்பெரும் மூலக்கூறுகளை உட்கொள்ளும் வாயிலை மூடிவிடும். முந்திக் குடித்த குட்டிக்கு மிகுதி, ஒதுக்கப்பட்ட கடைக்குட்டிக்குக் குறைவு. ஆகவே ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கிடையே கூடப் பாதுகாப்பு ஒன்றுபோல் இராது.

தாய் தந்த இக்கொடை நாளடைவிற் கரைகிறது. பார்வோவுக்கெதிரான பிறபொருளெதிரிகள் ஏறத்தாழப் பத்து நாளுக்கு ஒருமுறை பாதியாகின்றன. நாற்பதாம் நாளிற் பதினாறில் ஒரு பங்கு. எண்பதாம் நாளில் இருநூற்றைம்பத்தாறில் ஒரு பங்கு. தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்து, ஒரு குட்டியின் காப்பு ஆறாம் கிழமையிலேயே தீர்ந்துவிடும். இன்னொன்றுக்குப் பதினாறாம் கிழமை தாண்டியும் எஞ்சியிருக்கும். தடுப்பூசியில் உள்ளதும் உயிருள்ள, ஆனால் வலுக்குறைக்கப்பட்ட பார்வோ வைரசே. தாய்வழிப் பிறபொருளெதிரிகள் அதைப் பகையென்றே கொண்டு அழித்துவிடுகின்றன. வாசற்காவலன் நள்ளிரவில் வந்த வீட்டுக்காரனையே உள்ளே விடாமல் மறிப்பதைப் போல. ஊசி ஏறியும் பாடம் நடவாமற் போகிறது.

இதிலும் கொடிய இடம் ஒன்றுண்டு. வலுக்குறைந்த ஊசி வைரசைக் கொல்லப் போதிய அளவும், தெருவில் உலவும் வலுவுள்ள வைரசைத் தடுக்கப் போதாத அளவுமாகத் தாய்க்காப்பு இறங்கி நிற்கும் ஓர் இடைக்காலம் ஒவ்வொரு குட்டிக்கும் வந்தே தீரும். சில கிழமைகள் அது நீளலாம். அந்நாட்களில் ஊசியும் பலிக்காது, தாயும் காவாள். எந்தக் குட்டிக்கு எக்கிழமையில் அது வரும் என்பதைக் குருதிச் சோதனையின்றிச் சொல்லமுடியாது. எனவேதான் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். 6 முதல் 8 கிழமைக்குள் முதலாவது. பின் 2 முதல் 4 கிழமைக்கு ஒன்று. 16 கிழமை நிறைந்தபின் கட்டாயம் ஒன்று. பலரும் எண்ணுவதுபோல் ஒன்றுக்கு மேல் ஒன்று வலுச்சேர்க்கும் பொருட்டன்று இத்தொடர். தாய்க்காப்பு விலகிய கணத்தில் ஏதாவது ஒன்று பலிக்கட்டும் என்பதற்காகவே. முதலூசியை நாள் தவறாமற் போட்டுவிட்டு, குட்டி கொழுத்துவிட்டதென்று இறுதி ஊசியை விட்டுவிடுவோர் நம்மிடையே மிகுதி. இரண்டில் ஒன்றைத்தான் போட வசதியுண்டு என்றால், பதினாறு கிழமை நிறைந்தபின் வருவதையே நான் தேர்வேன். உலகச் சிறு விலங்கு மருத்துவச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டல், அதற்கும் அப்பால் 26ஆம் கிழமை அளவில் இன்னொன்றைப் பரிந்துரைக்கிறது. பதினாறிலும் தாய்க்காப்பு எஞ்சியிருந்த சில குட்டிகளை அது மீட்கிறது.

ரொட்வைலர், டொபர்மன், அல்சேசன் எனப்படும் ஜேர்மன் ஷெப்பர்ட் ஆகியவை பார்வோவுக்கு மிகுதியாக ஆட்படுவதை அமெரிக்க, கனேடிய மருத்துவமனைப் பதிவுகள் 1980களிலும் 1990களிலும் காட்டின. ரொட்வைலர்களிற் சில ஊசிக்கு மந்தமாகவே விடையிறுக்கின்றன என்பதும் அறியப்பட்டது. டொபர்மன் இனத்தை உருவாக்கியதில் ரொட்வைலரின் குருதியும் கலந்திருக்கிறது என்பர். அதனால் இரண்டுக்கும் ஒரே குறை வந்திருக்கலாம் என்பது ஊகம் மட்டுமே. ஊர்நாய்க்கு நோய் வராது என்றும் இதற்குப் பொருள்கொள்ளலாகாது. அங்கே ஈன்ற ஆறில் நான்கு யாரும் அறியாமற் பற்றைக்குள் மடிந்துவிடுகின்றன. எஞ்சிய இரண்டைப் பார்த்து நாம் "ஊர்நாய் எதையும் தாங்கும்" என்கிறோம்.

ஜேர்மன் ஷெப்பர்ட்டுக்கு இன்னொரு பகையும் உண்டு. 1960களின் இறுதியில் வியத்நாமிற் பணியாற்றிய அமெரிக்கப் படைநாய்கள் மூக்கிற் குருதி வடிந்து வரிசையாக மாண்டன. இழப்பு இருநூறைத் தாண்டியது. ஈர்லிக்கியா என்னும் பற்றீரியாவை உண்ணி காவிவந்திருந்தது. மிகக் கடுமையாகத் தாக்குண்டவை அவ்வினத்து நாய்களே. நம் வெயிலிலும் ஈரத்திலும் உண்ணிக்கு ஓய்வே இல்லை. உண்ணிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுத் தப்ப வழியில்லை. காதுமடலின் உட்புறத்தையும் விரலிடுக்கையும் நாள்தோறும் விரித்துப் பார்ப்பதும், மருத்துவர் தரும் உண்ணிமருந்துமே காப்பு.

இனி, நோயுற்ற குட்டியை அருகே போய்ப் பார்ப்போம். பார்வோவின் முதல் நாளிற் குருதி இராது. நேற்றுவரை செருப்பைக் கடித்திழுத்த குட்டி விறாந்தையின் மூலையிற் சுருண்டு கிடக்கும். பெயர் சொல்லி அழைத்தால் வாலின் நுனி மட்டும் அசையும். தண்ணீர்க் கோப்பைமேல் தலையைத் தொங்கவிட்டு நிற்கும், குடிக்காது. குமட்டலின் அடையாளம் அது. பின் வெண்ணுரை, அதன்பின் மஞ்சட் பித்தம் என வாந்தி. இரண்டாம் நாளில் வயிற்றோட்டம். விரைவில் அது செந்நிறமாகி, ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமுடியாத புளித்த குருதி நாற்றம் வீசும். தோள்மேலுள்ள தோலைக் கிள்ளித் தூக்கிவிடுங்கள்: நலமாயின் உடனே படியும், நீர் வற்றியிருந்தால் கூடாரம்போல் நிற்கும். மேலுதட்டை உயர்த்தி முரசை விரலால் அழுத்துங்கள்: வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்கவேண்டும். முரசு ஒட்டும் பசையாக, வெளிறி இருந்தால் காத்திருக்க நேரமில்லை. நலமுள்ள குட்டியின் குதவெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும், 39.5ஐத் தாண்டினாற் காய்ச்சல். காய்ச்சல் இறங்கி 37.5க்கும் கீழே போவதைக் குணமென்று எண்ணி மகிழ்வோர் உண்டு. அது உடல் தோற்கத் தொடங்கியதன் குறி.

குருதி கழிவதெல்லாம் பார்வோ ஆகிவிடாது. கொழுக்கிப்புழு மிகுந்தாலும் குட்டி கரியமலம் கழித்துச் சோகைபிடித்து வீழும். அப்புழுக்களுள் ஒன்றை 1911இல் ஆர்தர் லூஸ் என்னும் ஜேர்மன் அறிஞர், இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றின் உடலிலிருந்து கிடைத்ததைக் கொண்டு விவரித்து, 'சிலானிக்கம்' என நம் தீவின் பெயரையே சூட்டினார். அது மனிதரையும் பற்றும். எனவே இரண்டாம் கிழமை தொடங்கிப் பூச்சிமருந்து கொடுத்துவருவது வீட்டுப் பிள்ளைகளுக்கும் நலம்.

வீட்டில் என்ன செய்யலாம் என்பதைவிட எதைச் செய்யலாகாது என்பதே முதன்மை. வாந்தியெடுக்கும் குட்டியின் வாயைப் பிளந்து நீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கும். மனிதருக்கான காய்ச்சற் குளிசை அதன் ஈரலைக் கெடுக்கும். பூநகரியிலிருந்து கிளிநொச்சிக்கு முப்பது கிலோமீற்றர் அளவு; நரம்புவழி சேலைன் ஏற்றி, வாந்தியை அடக்கி, பற்றீரியாவுக்கு மருந்தும் செலுத்தக்கூடிய ஒருவரிடம் முதல் வாந்தியன்றே சேர்ப்பதற்கும் மறுநாட் காலை சேர்ப்பதற்கும் இடையே உயிர் போய்விடக்கூடும். 2023இல் அமெரிக்காவில் பார்வோவுக்கெதிரான ஒற்றைமூலப் பிறபொருளெதிரி மருந்து ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது. கடும்புப்பால் செய்த பணியை அது நோயுற்றபின் ஊசிவழியே செய்கிறது.

டிஸ்ரெம்பரைச் சுருங்கச் சொல்வேன். எட்வேட் ஜென்னர் 1809இலேயே அதை விவரித்தார். 1905இல் கரே என்னும் பிரெஞ்சு அறிஞர் அது வைரசு என்று காட்டினார். 1920களில் இலண்டன் மில்ஹில்லில் லெயிட்லோவும் டன்கினும் தடுப்பூசி கண்டனர். சின்னமுத்து வைரசின் உறவினன் அது. கண்ணிலும் மூக்கிலும் சளி, இருமல், தடித்த உள்ளங்கால். தேறியதென்று நினைத்த சில கிழமைகளின்பின் தாடை அரைப்பதும் கால் வெட்டி இழுப்பதும். வாய்நுரை தள்ளி வலிப்பெடுக்கும் குட்டியின் வாய்க்குள் எலும்பு சிக்கியதோ என்று கையை விடுவது பேராபத்து. அது விசர்நோயாகவும் இருக்கலாம், குட்டிகளுக்கும் அது வரும். கடியோ எச்சிலோ பட்டால் சவர்க்காரமிட்டு ஓடுநீரிற் கால்மணி நேரம் கழுவி, அன்றே அரச மருத்துவமனைக்குப் போகவேண்டும். மூன்று மாத வயது நிறையுமுன் விசர்நாய் ஊசி போட்ட குட்டிக்கு மறுமுறையும் போடவேண்டும், பின்னர் ஆண்டுதோறும்.

யாழ்ப்பாணத்தில் ஊசிமருந்தை வாங்கி ஊருக்குக் கொண்டுவருவோர் 2 முதல் 8 பாகைக்குள் அதைக் காக்கவேண்டும். நாச்சிக்குடாவிலும் வலைப்பாட்டிலும் மீனுக்குப் பயன்படும் ரெஜிபோம் பெட்டி இதற்கும் நல்லதே. மருந்துச் சீசாவுக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே தடித்த துணியோ அட்டையோ இருக்கட்டும். உறைந்துபோன விசர்நாய் ஊசி பயன்படாது. கூட்டு ஊசியின் உலர்தூளைக் கரைத்தபின் உடனே ஏற்றிவிடவேண்டும்.

டிஸ்ரெம்பர் வைரசுக்குக் கொழுப்புறை உண்டு. பூநகரி வெயிலில் விரைவில் மடியும். பார்வோவுக்கு அவ்வுறை இல்லை, ஆதலால் சவர்க்காரமோ மதுசாரமோ அதை அசைப்பதில்லை. சீமெந்துத் தரையையும் கோப்பையையும் முதலில் அழுக்குப்போகக் கழுவி, ஒரு பங்கு வெளிற்றும் நீர்மத்தோடு முப்பது பங்கு நீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டால் அழியும். ஆனால் நம் வளவுகள் மணல்வளவுகள். சருகும் மண்ணும் அந்நீர்மத்தின் வலுவை உறிஞ்சிவிடும். குட்டி இறந்த இடத்து மேல்மண்ணை வழித்துப் புதைத்து, நிழல்தரும் கிளைகளை வெட்டி வெயில் விழச் செய்தாலும், நிழலில் எஞ்சிய மண்ணில் வைரசு மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூட நிலைக்கும். அத்தகைய வளவுக்கு மறு குட்டி வாங்குவோர், பதினாறு கிழமை நிறைந்து இறுதி ஊசியும் ஏறி, அதன்பின் இரண்டு கிழமையும் கழிந்த ஒன்றையே கொண்டுவரவேண்டும்.