டவர் எடுக்கிற மேடு

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குக் காரவள்ளியில் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடிப்பதற்குள் காது அடைக்கும், சிலருக்கு வயிற்றைப் புரட்டும். கைப்பேசியைப் பார்த்தால் சிக்னல் கோடு வரும், போகும். 'டவர் எடுக்கல' என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறோம். கொல்லிமலையில் அதற்கு அடுத்த வாக்கியம் ஒன்று உண்டு: 'அந்த மேட்டுக்குப் போனா எடுக்கும்.'

சீக்குப்பாறை காட்சிமுனையில் ஒரு வேடிக்கை. கீழே சமவெளி விரிந்து கிடக்கிறது. அங்குள்ள டவர்களுக்கும் நமக்கும் நடுவில் தடையே இல்லை. கோடுகள் நிறைய நிற்கும், ஆனால் பேச்சு அறுந்து அறுந்து போகும். சமவெளி டவர்களின் ஆன்டெனாக்கள் ஊருக்குப் பயன்படும்படி தரை நோக்கிச் சற்றுச் சாய்த்து வைக்கப்பட்டவை. மலை உச்சிக்கு வருவது சிதறிய அலைதான். அதிலும் பல டவர்களின் அலை ஒரே பலத்தில் வருவதால், எதைப் பிடிப்பது என்று கைப்பேசி தடுமாறுகிறது. பழைய 2ஜியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. டவர் சுமார் 35 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், கோடு தெரிந்தாலும் அழைப்பு போகாது.

விளிம்பில் இப்படி என்றால் பள்ளத்தில் அதுவும் இல்லை. அறப்பளீஸ்வரர் கோயிலை அடுத்து, ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகிறோம். இரு பக்கமும் பாறைச் சுவர். ரேடியோ அலை மலையைச் சுற்றி வளைந்து வராது. சுற்றுலாப் பயணிக்குச் சிக்னல் இல்லாதது அரை நாள் நிம்மதி, எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதே மாதிரியான மடிப்புகளில்தான் ஊர்களும் இருக்கின்றன.

2011 கணக்குப்படி கொல்லிமலையில் சுமார் 40,000 பேர். பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். (பெயரைப் பார்த்துக் கேரளம் என்று எண்ண வேண்டாம், பேசுவது தமிழ்தான்.) ஊராட்சிகளுக்கு இங்கே 'நாடு' என்றே பெயர்: வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என 14. ஒரு நாடு என்பது நெருக்கமாக வீடுகள் அமைந்த ஒரே ஊர் அல்ல. ஓடைக்கு அந்தப் பக்கம் பத்து வீடு, மிளகுத் தோட்டத்தைத் தாண்டிப் பதினைந்து வீடு என்று சிதறிய குக்கிராமங்களின் கூட்டம். நடுவில் ஒரு டவர் நட்டால் காகிதத்தில் அந்த நாடு முழுக்கச் சிக்னல் வந்துவிடும். மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பத்து வீட்டுக்கு வராது.

நிறுவனங்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. கம்பம் நட்டால் போதாது. விடாத மின்சாரம் வேண்டும், அது போனால் பேட்டரியோ ஜெனரேட்டரோ வேண்டும். டவரில் சேரும் பேச்சைக் கீழே கொண்டுபோக ஃபைபரோ மைக்ரோவேவ் இணைப்போ வேண்டும். இத்தனையும் சில நூறு பேரின் ரீசார்ஜை நம்பி. வியாபாரக் கணக்கு உதைக்கும். உதைக்கும் என்று தெரிந்துதான் 2002இல் மத்திய அரசு அனைவருக்குமான சேவை நிதி ஒன்றைத் தொடங்கியது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் 5 சதவீதத்தை அதற்குச் செலுத்துகின்றன. நகரத்தில் நாம் போடும் ரீசார்ஜிலிருந்து போகும் பணம்தான். இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அதிலிருந்துதான், சேவையே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டு செல்ல 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில் ஒப்புதல் கிடைத்தது. வேலை பி.எஸ்.என்.எல்.லிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் நல்ல மாற்றம் ஒன்றும் வந்தது: இந்த நிதியில் எழுந்த டவர்களை பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே மலையில் மூன்று கம்பம் நடுவதைவிட இது புத்திசாலித்தனம்.

இடையில், பள்ளிப் பாடமும் அரசு வேலைகளும் கைப்பேசிக்குள் போய்விட்டன. 2021இல் இதே நாமக்கல் மாவட்டத்தின் ராசிபுரம் பகுதியில் பிள்ளைகள் ஆலமரத்தில் ஏறி ஆன்லைன் பாடம் கேட்டது செய்தியானது. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைக்குச் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமானது. வேலை நடக்கும் இடத்தில் எடுக்கும் படத்தைச் செயலி சேமித்து வைக்கும், அனுப்ப டவர் வேண்டும். பாடம் விட்டுப்போவதும் கூலி பிந்துவதும் ஒருபுறம் இருக்கட்டும். இரவில் பாம்பு கடித்தால் 108ஐ அழைக்க முதலில் யாராவது டார்ச் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் நேரத்தை அழைப்பு வந்த நிமிடத்திலிருந்துதான் எண்ணுகிறோம். மேட்டுக்கு ஓடிய நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

எத்தனை டவர் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எந்த வீட்டு வாசலில் மணி அடிக்கிறது என்று கேட்க வேண்டும். அதற்கு ஒரு கருவி கைவசம் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த தர விதிகளின்படி, எங்கெங்கே தம் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும். டவர் எடுக்காதவர் அதைத் திறந்து பார்ப்பது எப்படி என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் 14 நாடுகளிலும் அந்த வரைபடத்தைத் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனாவை வையுங்கள். எந்த ஓடைக்கு அந்தப் பக்கம் வரைபடத்தின் நிறம் பொய் சொல்கிறது என்று ஊர்க்காரர்களே வட்டம் போடட்டும். அந்தத் தாள் தீர்மானத்தோடு சேர்ந்து ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகட்டும்.